பாடப்புத்தகத்துக் கட்டம் எங்கே கொண்டு போகிறது?

போன வாரம் ஒரு சாயங்காலம், மாடி வீட்டுப் பொண்ணு ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். முதல் பாடம், அளவீடு.

"மாமா, அம்மா போன்ல இடம் இல்லன்னு வருது. இத உங்க போன்ல ஸ்கேன் பண்ணிக் காட்டுறீங்களா?"

வெர்னியர் அளவியில் எப்படி அளவு எடுப்பது என்று பார்க்கணுமாம். வகுப்பில் ஒரே ஒரு கருவி, அதைச் சுற்றி அத்தனை பிள்ளைகள். இவள் கைக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டதாம். ஸ்கேன் செய்து கொடுத்தேன். பார்த்து முடித்துவிட்டுப் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன் மாமா, இது எங்க அக்கா படிச்ச புத்தகம். அச்சடிச்சதுக்கப்பறம் அந்த வீடியோல ஒரு தப்பு இருக்குன்னு தெரிஞ்சா என்ன செய்வாங்க? எல்லார்கிட்டயும் புத்தகத்தத் திருப்பி வாங்குவாங்களா?"

இருபது வருசமா மென்பொருள் எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. அவளிடம் ரெண்டு நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தப் பதிலுக்குள் இன்னும் நிறைய இருக்கிறது. நம் பிள்ளைகள் கையில் இருக்கும் இணையக் கல்விக் கருவிகளில் எது நன்றாக யோசித்துச் செய்தது, எது எங்கே நின்றுபோகிறது என்பதையெல்லாம் இந்த ஒரு கட்டத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். அதனால் இந்தக் குறிப்பு.

கார் தொழிற்சாலையிலிருந்து வந்த கட்டம்

கியூஆர் குறியீடு பிறந்தது 1994-ல், ஜப்பானில். டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவும் உருவாக்கினார்கள். கல்விக்கும் அதற்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் கிடையாது. கார் உதிரி பாகப் பெட்டிகளில் ஒட்டும் பார்கோடில் கொஞ்சம் எழுத்துகள்தான் அடங்கும். ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை ஒட்டி, ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியிருந்தது. கோடாக இருந்ததைக் கட்டமாக்கினால் குறுக்கிலும் நெடுக்கிலும் தகவல் வைக்கலாம் என்பதுதான் யோசனை. காப்புரிமை இருந்தும், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று டென்சோ விட்டுவிட்டது. டீக்கடை மேசை வரைக்கும் அது வந்து சேர்ந்ததற்கு அது முக்கியமான காரணம்.

கட்டத்தை உற்றுப் பாருங்கள். மூன்று மூலையில் மூன்று பெரிய சதுரங்கள் இருக்கும். அதன் நடுவே எந்தப் பக்கம் கோடு போட்டாலும் கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு என்று 1:1:3:1:1 விகிதத்தில் வரும். இந்த விகிதம் மற்ற அச்சில் தற்செயலாக வருவது அபூர்வம். அதனால்தான் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் கேமரா கட்டத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. நாலாவது மூலையில் பெரிய சதுரம் இல்லாததை வைத்து எது மேல், எது கீழ் என்று தெரிந்துகொள்கிறது.

பள்ளிப் புத்தகத்துக்கு இது பொருந்தியதற்கு இன்னொரு காரணம், பிழை திருத்தம். தகவலோடு கூடவே கொஞ்சம் உபரித் தகவலையும் கணக்குப் போட்டுச் சேர்த்து வைக்கிறார்கள். ரீட்-சாலமன் முறை என்று பெயர். குறுந்தகட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடியதே, அதே கணக்கு. நாலு நிலைகள் உண்டு: ஏறக்குறைய 7, 15, 25, 30 சதவீதம் வரை பழுதானாலும் மீட்டுவிடலாம். மழையில் நனைந்து, பேனா மை கொட்டி, அக்காவிடமிருந்து தங்கைக்கு வந்த புத்தகத்திலும் கட்டம் வேலை செய்வது இதனால்தான்.

கட்டத்துக்குள் வீடியோ இல்லை

பலர் நினைப்பது போலக் கட்டத்துக்குள் பாடமோ படமோ எதுவும் இல்லை. மிகப் பெரிய கியூஆர் கட்டத்திலேயே சுமார் 3,000 எழுத்துகளுக்குள்தான் அடங்கும். அது இந்தப் பதிவில் கால்வாசிகூட வராது. பாடநூல் கட்டத்துக்குள் இருப்பது ஓர் இணைய முகவரியும், அதன் முனையில் ஆறு இடக் குறியீடும்தான். கட்டத்துக்கு அடியில் அந்த ஆறையும் எழுத்தாகவே அச்சிட்டிருப்பார்கள். ஆங்கில எழுத்து 26, எண் 10, ஆக 36. ஆறு இடத்தில் 36-ஐ மாற்றி மாற்றிப் போட்டால் 217 கோடிக்கும் மேல் சேர்க்கைகள் வரும். இந்தியாவில் எல்லா மாநிலமும் எல்லா வகுப்புக்கும் எல்லாப் பாடத்துக்கும் கட்டம் போட்டாலும் தீராது.

எங்க சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அங்கே புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணை நினைத்துப் பாருங்கள். அந்த எண்ணுக்குள் புத்தகம் இல்லை. எங்கே போய்த் தேடணும் என்று மட்டும் அது சொல்லும். பாடநூலின் ஆறு எழுத்தும் அந்த மாதிரிதான். ஸ்கேன் செய்தவுடன் செயலி அந்த ஆறு எழுத்தை எடுத்துக்கொண்டு ஒரு வழங்கியிடம் போய், "இந்த எண்ணில் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறது. வழங்கியில் ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. அந்தக் குறியீட்டுக்கு நேராக எந்த வீடியோ, எந்த வினாத்தாள், எந்த விளக்கம் என்று அதில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பதில் வருகிறது.

அந்த வழங்கியின் பெயர் தீக்‌ஷா. 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்டது. முதலில் ஆசிரியர்களுக்கான தேசியத் தளமாகத்தான் அதைச் சொன்னார்கள். அடியில் ஓடும் மென்பொருள் சன்பேர்ட். நந்தன் நீலகேணி, ரோகிணி நீலகேணி, சங்கர் மருவாடா தொடங்கிய எக்ஸ்டெப் அறக்கட்டளை அதை உருவாக்கித் திறமூலமாக வெளியிட்டது.

தமிழ்நாட்டில் இது பெரிய அளவில் வந்தது 2018-ல். பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வகுத்த புதிய பாடத்திட்டத்தில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு அந்த ஆண்டு புதுப் புத்தகங்கள் வந்தன. பாடங்களுக்கு நடுவே கருப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்த்து அன்றைக்குப் பெற்றோர்கள் விழித்தது நினைவிருக்கும். பிற வகுப்புகளுக்கும் அடுத்தடுத்து வந்துவிட்டது.

மார்க்கெட் இடம் மாறினால்?

இப்போது மாடி வீட்டுப் பொண்ணின் கேள்விக்கு வரலாம். வீடியோவில் தப்பு இருந்தால் என்ன செய்வார்கள்?

பட்டியலில் ஒரு வரியை மாற்றுவார்கள், அவ்வளவுதான். புத்தகத்தில் இருக்கும் குறியீடு அப்படியே இருக்கும். அதற்கு நேராக இருந்த பழைய வீடியோவை எடுத்துவிட்டுத் திருத்தியதை வைத்தால் போதும். லட்சக்கணக்கான புத்தகத்தில் ஒரு துளி மையைக்கூடத் தொட வேண்டாம். வீடியோவே தயாராகாத நிலையிலும் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பலாம். குறியீட்டை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொண்டு பிறகு நிரப்பலாம். மே மாத அச்சுக்கும் ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

எங்க தொழிலில் இது பழைய உத்தி. ஒரு பொருளின் இடத்தை நேராகச் சொல்லாமல், இடம் தெரிந்த ஒருவரிடம் போகச் சொல்வது. மதுரையில் சொல்வதானால் இப்படி: மீனாட்சி அம்மன் கோயில் பக்கத்தில் இருந்த காய்கறி சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போன புதிதில், பழக்க தோஷத்தில் பழைய இடத்துக்கு வந்து நின்றவருக்கு "மாட்டுத்தாவணிக்குப் போங்கண்ணே" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. சொல்ல ஆள் இருக்கும் வரை பழைய விலாசமும் செல்லும்.

அதே பாடநூலில் இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடும் இருக்கிறது. கணக்கு, அறிவியல் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பெட்டி வரும். படிப்படியாகச் செய்யச் சொல்லிவிட்டு, 'உரலி' என்று போட்டு ஓர் இணைய முகவரியையே நேரடியாக அச்சிட்டிருப்பார்கள். கணக்கில் ஜியோஜீப்ரா, அறிவியலில் ஃபெட் போன்ற தளங்கள். ரெண்டுமே அருமையான கருவிகள். ஜியோஜீப்ரா, ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோகன்வார்டர் தன் ஆய்வுப் படிப்புக்காகத் தொடங்கியது. முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்தால் கோணம் எப்படி மாறுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஃபெட், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மின்சுற்று, ஊசல், மிதத்தல் எல்லாவற்றையும் திரையிலேயே செய்து பார்க்கலாம். தன்னார்வலர்கள் மொழிபெயர்த்ததால் அதில் பல பாவனைகள் தமிழிலும் கிடைக்கின்றன.

ஆனால் முகவரியை நேராக அச்சிட்டால், அந்தத் தளம் இடம் மாறிய அன்றே புத்தகத்தின் அந்த வரி செத்துப்போகும். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஃபிளாஷ் மென்பொருளுக்கு மங்களம் பாடிவிட்டார்கள். அதுவரை உலகம் முழுக்க ஆசிரியர்கள் ஃபிளாஷில் செய்து வைத்திருந்த அசைவுப் படங்கள், விளையாட்டுகள், செய்முறைகள் எல்லாம் உலாவியில் திறக்காமல் போயின. ஃபெட் மாதிரி வசதியுள்ள குழுக்கள் முன்கூட்டியே புதிய வடிவத்துக்கு மாற ஆரம்பித்திருந்தன. ஒற்றை ஆளாகச் செய்தவர்களால் முடியவில்லை. அந்த முகவரியை எந்தப் புத்தகத்தில் அச்சிட்டிருந்தாலும் அது வெறும் மைதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. தாளில் அச்சிட்ட குறியீடு ஒரு வாக்குறுதி. "இங்கே வா, இருக்கும்" என்று பிள்ளையிடம் சொல்கிறோம். தாள் பத்து வருசம் இருக்கும். அந்த வாக்கைக் காப்பாற்ற வழங்கியின் பக்கம் ஓர் ஆள் அதே பத்து வருசம் இருந்தாகணும். தொழில்நுட்பம் இதில் சின்னப் பகுதி. வாக்கைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை.

சிக்னல் இல்லாத இடத்துக்கு

தீக்‌ஷாவைச் செய்தவர்கள் யோசித்து வைத்த இன்னொரு விஷயம், இணையம் இல்லாத பள்ளி. ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். அதற்குச் சரியாக ஓராண்டு கழித்துத்தான் தீக்‌ஷா. டேட்டா விலை விழுந்திருந்த காலம் என்றாலும், எல்லா ஊரிலும் சிக்னல் நிற்கும் என்று நம்பிக் கருவி செய்ய முடியாது.

அதனால் ஒரு பாடத்துக்கு வேண்டிய வீடியோ, படம், கேள்வி எல்லாவற்றையும் ஒரே கோப்பாக மூட்டை கட்டி இறக்கிக்கொள்ளும்படி செய்தார்கள். உள்ளே பார்த்தால் நமக்குத் தெரிந்த ஜிப் கோப்பு மாதிரிதான். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். அதைவிட முக்கியம், அந்தக் கோப்பை ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். ஊரில் வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டு, மறுநாள் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஓர் ஆசிரியர் அதைத் திறந்து காட்ட முடியும். மற்ற ஆசிரியர்களுக்கும் அங்கேயே கொடுத்துவிட முடியும்.

2020: கட்டம் இருந்தும் வாட்ஸ்அப்புக்குப் போனது ஏன்?

இவ்வளவு யோசித்துச் செய்த கருவிக்கு உண்மையான பரீட்சை 2020 மார்ச்சில் வந்தது. பள்ளிகள் மூடின. தீக்‌ஷா இருந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது. புத்தகமும் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்ந்தது. ஆனாலும் பெரும்பாலான ஆசிரியர்கள் முதலில் செய்தது, ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியதுதான். மே மாதம் பிரதமர் இ-வித்யா திட்டத்தில் தீக்‌ஷாவை நாட்டுக்கே பொதுவான தளமாக அறிவித்த பிறகும் குழுக்கள் குறையவில்லை.

ஏன் என்று யோசித்தால் காரணம் எளிமையானது. கட்டம் ஒருவழிப் பாதை. பாடத்தைத் தரும், பிள்ளை சொல்வதைக் கேட்காது. வாட்ஸ்அப்பில் ஆசிரியர் ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோ அனுப்புவார். பிள்ளை நோட்டில் போட்டுப் படம் எடுத்துத் திருப்பி அனுப்பும். "மூணாவது வரில கழித்தல் குறிய விட்டுட்ட பாரு" என்று ஆசிரியர் பத்து வினாடிக் குரல் பதிவில் சொல்லிவிடுவார். படிப்பு அந்தப் பத்து வினாடியில்தான் நடக்கிறது. அதுக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்தச் செயலி ஏற்கெனவே தெரியும்.

குறைகளும் உண்டு. அப்போது ஒரு குழுவில் 256 பேர்தான் சேர முடியும். பாடம், வாழ்த்து, வதந்தி எல்லாம் ஒரே சாக்கில் விழும்; போன மாதப் பாடத்தைத் தேடினால் கிடைக்காது. படங்களும் வீடியோக்களும் சேர்ந்து போனில் இடத்தை அடைத்துவிடும். மாடி வீட்டு அம்மா போனில் இடம் இல்லாமல் போனதும் இதே கதைதான். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, குழுவில் உள்ள ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். பெண் பிள்ளைகள் வைத்திருக்கும் வீட்டில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குழுவை விட்டே விலக்கிவிடுவார்கள். படிப்பும் அதோடு போகும்.

ரெண்டு கருவிக்கும் பொதுவான ஒரு சுவர் இருக்கிறது: போன் யார் கையில்? 2021-ம் ஆண்டு ஏசர் ஆய்வறிக்கை, நாட்டின் கிராமப்புறங்களில் பள்ளியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளில் 67.6 சதவீதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதாகச் சொன்னது. 2018-ல் இது 36.5 சதவீதம்தான். பெரிய முன்னேற்றம் மாதிரி தெரியும். ஆனால் அடுத்த வரி முக்கியம்: போன் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளிலேயே 26.1 சதவீதம் பேருக்கு அது கைக்குக் கிடைப்பதில்லை. காரணம் யாருக்கும் தெரியும். போன் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய்விடும். ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பி வரும்போது சார்ஜும் இருக்காது, பிள்ளைக்குத் தூக்கமும் வந்துவிடும்.

ஆகவே ஒரு கருவியை மதிப்பிடும்போது 'இதில் என்னென்ன வசதி இருக்கு' என்று நான் கேட்பதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு, பத்து நிமிடம் மட்டும் போன் கிடைக்கிற பிள்ளைக்கு இது என்ன தருகிறது? இந்தக் கேள்விக்கு ஆறு எழுத்துக் குறியீடு ஓரளவு நல்ல பதில். மெனு மெனுவாகத் தேட வேண்டாம். ஆறு எழுத்தைத் தட்டினால் பாடம் வந்துவிடும். நூலகவியலின் தந்தை சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் நூலகத்துக்குச் சொன்னது. பாடநூல் கட்டத்துக்கும் அளவுகோல் அதுதான்.

புத்தகம் நம்மைப் பார்ப்பதில்லை, செயலி பார்க்கிறது

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பு அரைகுறை. தாளில் ஒரு பக்கத்தை எத்தனை தடவை புரட்டினோம் என்று புத்தகத்துக்குத் தெரியாது. செயலிக்குத் தெரியும். எந்தக் குறியீடு, எப்போது திறக்கப்பட்டது, எவ்வளவு நேரம் ஓடியது என்ற குறிப்புகள் இணையம் கிடைக்கும்போது வழங்கிக்குப் போகும். இதற்கு நியாயமான தேவையும் உண்டு. ஒரு பாடத்தின் குறியீட்டைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பத் திறக்கிறார்கள் என்றால் அந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று அர்த்தம். காலியாக இருக்கும் குறியீட்டைப் பலர் ஸ்கேன் செய்கிறார்கள் என்றால் அங்கே உடனே ஏதாவது வைக்கணும்.

சிக்கல், இந்த எல்லை தாண்டும்போது. கொரோனா காலத்தில் 49 நாடுகளில் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஆராய்ந்து 2022 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலானவை பிள்ளைகளின் தகவலைத் தேவைக்கு மேல் சேகரித்தன அல்லது பகிர்ந்தன என்பது அதன் முடிவு. தீக்‌ஷா செயலி இருப்பிடத் தகவலைச் சேகரிக்க முடிந்ததையும் அது குறிப்பிட்டது. 2023 ஜனவரியில் வயர்டு இதழ் இன்னொரு செய்தி வெளியிட்டது: தீக்‌ஷா தொடர்பான ஒரு சேமிப்பகம் பூட்டாமல் திறந்து கிடந்தது, அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண் போன்ற விவரங்கள் இருந்தன, மாணவர் விவரங்களும் லட்சக்கணக்கில் இருந்தன.

அதே 2023 ஆகஸ்டில் நாட்டில் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது சட்டம். சிலருக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் அரசு கையிலேயே வைத்திருக்கிறது. என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன்: கசியவே கசியாத தகவல் ஒன்றுதான் உண்டு. சேகரிக்காத தகவல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வெர்னியர் அளவியைக் காட்ட, அவள் பெயரோ எண்ணோ இருக்கும் இடமோ எந்தக் கருவிக்கும் தேவையில்லை.

ஆசிரிய நண்பர்களுக்குச் சில குறிப்புகள்

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் சிலர் தாங்களே பயிற்சித்தாள் தயாரித்து அதில் கியூஆர் கட்டம் போடுவது தெரியும். நான் பார்த்தவரை கவனிக்க வேண்டியவை:

1. வீடியோ முகவரியை நேராகக் கட்டமாக்காதீர்கள். நடுவில் உங்கள் கட்டுப்பாட்டில் ஒரு பக்கம் இருக்கட்டும். கூகுள் ஆவணம் ஒன்றைத் திறந்து, எல்லாரும் பார்க்கலாம் என்று வைத்து, அதன் முகவரியைக் கட்டமாக்குங்கள். வீடியோ இணைப்பு அந்த ஆவணத்துக்குள் இருக்கட்டும். வீடியோ போய்விட்டால் ஆவணத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும், தாள் தப்பிக்கும்.

2. கட்டம் செய்து தரும் சில இலவசத் தளங்கள், முகவரியைத் தங்கள் வழியாகச் சுற்றி அனுப்பும். சில நாள் கழித்துப் பணம் கட்டச் சொல்லும். ஸ்கேன் செய்து பார்த்து, உங்கள் முகவரி நேராக வருகிறதா என்று சரிபார்த்த பிறகு அச்சிடுங்கள்.

3. கட்டத்தைச் சுற்றி, அதன் சின்னப் புள்ளிகளில் நாலு அகலத்துக்கு வெள்ளை இடம் விடணும். அழகுக்காகப் பார்டர் போட்டு அதை அடைத்தால் சில போன்களில் படிக்காது. நகல் எடுக்கும் தாளில் ரெண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

4. சுவரில் ஒட்டுவதாக இருந்தால் பத்துக்கு ஒன்று என்ற கணக்கு. மூன்று மீட்டர் தள்ளி நின்று ஸ்கேன் செய்யணும் என்றால் கட்டம் முப்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.

5. கட்டத்துக்குக் கீழே முகவரியைச் சுருக்கமாக எழுத்திலும் போடுங்கள். கேமரா உடைந்த போன்கள் நிறைய வீடுகளில் இருக்கின்றன.

6. வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்ப மட்டும் என்றால் குழுவுக்குப் பதில் ஒளிபரப்புப் பட்டியல் போதும். பெற்றோர் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். பெற்றோர் உங்கள் எண்ணைச் சேமித்திருந்தால்தான் போய்ச் சேரும் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். குழுவே வேண்டும் என்றால், நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பும்படி வைக்கும் வசதி 2018-லிருந்து இருக்கிறது.

7. வீட்டுப்பாடத்துக்கு வீடியோ பார்க்கச் சொன்னால், பார்க்க முடியாத பிள்ளையைக் கேள்வி கேட்காதீர்கள். மறுநாள் வகுப்பில் ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக

2023-ல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை, பாடங்களை வீடியோவாகத் தரும் மணற்கேணி என்ற செயலியைக் கொண்டுவந்தது. தோண்டத் தோண்ட ஊறும் கேணியைக் கல்விக்கு உவமை சொன்ன குறளிலிருந்து எடுத்த நல்ல பெயர். நாளைக்கு இன்னொரு செயலி வரும். வரட்டும். செயலி புதிதாக வரும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஏற்கெனவே அச்சாகிப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் புத்தகத்தின் பழைய குறியீடுகள் அதற்குப் பிறகும் திறக்குமா? பழைய வாசலில் நின்று வழிசொல்ல ஆள் போட்டிருக்கிறார்களா? திறப்பு விழாவில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அக்கா புத்தகத்தை வாங்கிப் படிக்கும் தங்கச்சிக்கு அதுதான் முதல் கேள்வி.

மாடி வீட்டுப் பொண்ணுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. ஆறு எழுத்து, பட்டியல், ஒரு வரி மாற்றம் என்று மட்டும்தான் சொன்னேன். "அப்ப கட்டம் வேணாம், ஆறு எழுத்து போதும்ல மாமா?" என்றாள். போதும் என்றேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து, அறிவியல் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள ஆறு எழுத்தையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொண்டாள். புத்தகத்தை ஒரு தோழிக்குக் கொடுத்திருக்கிற நாளிலும் தேவைப்படுமாம். அப்பா போன் ராத்திரி வந்தால் எந்தப் பாடம் முதலில் என்று பக்கத்தில் பென்சிலில் எண்ணும் போட்டிருந்தாள்.